மெயின் சுவிட்சில் தொங்கிய பூட்டு

சிங்காரவேலைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லத் துணிந்தவன் முத்தாண்டிக்குப்பத்தில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட மனுஷன். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவன் கொல்லையில் முந்திரி பொறுக்கிப் பிழைத்தவர்கள். பதினெட்டு வயதில் ஒரு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நெய்வேலிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். முப்பத்தாறு வருஷமும் காண்ட்ராக்ட் வேலைதான், ஆனால் அதில் இருபத்திரண்டு வருஷம் மேஸ்திரி. மகளை ஆசிரியைப் படிப்பு படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். மாடி வைத்த வீடு கட்டினார், ஒரு செங்கல்கூட இன்னொருத்தன் தயவில் வைத்ததில்லை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிற பெர்மனென்ட் ஆட்களை மற்றவர்கள் எல்லாம் ‘சார்’ என்று கூப்பிட, இவர் ‘தம்பி’ என்று கூப்பிடுவார். அவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். சும்மா வந்த மரியாதையா அது?

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷக் கோடையில், ஐம்பத்து நான்கு வயதில், படுப்பதற்குப் பயம் வந்துவிட்டது. பாம்புக்கு இல்லை, பேய்க்கு இல்லை, பாயில் தலை சாய்ப்பதற்கு!

அவருடைய கும்பலுக்கு எப்போதும் சி ஷிப்ட். இரவு பத்துக்கு இறங்கினால் காலை ஆறுக்கு ஏறுவார்கள். ஊர் எழுந்து வாசல் தெளிக்கிற நேரம்தான் சிங்காரவேலுக்குப் படுக்கை நேரம். இருபது வருஷமாக, குளித்துவிட்டு நாலு வாய் பழைய சோறு உள்ளே போனதும் எட்டு மணிக்குக் கண்ணை மூடுவார். தெருவில் மேளம் அடித்தாலும் மதியம் இரண்டு வரை அசையமாட்டார். அந்தத் தூக்கத்தைப் பற்றியும் அவர் பெருமை பேசுவதுண்டு.

மாசி மாசக் கடைசியில் அது கெட்டது. உடம்பு தளர்ந்து, கண் சொருகுகிற அந்த நொடியில் முதுகுக்கு அடியில் ‘ர்ர்ர்’ என்று ஓர் அதிர்வு. நெஞ்சு தடதடவென்று இடிக்கும். வலது கை தானாகப் பக்கவாட்டில் பாய்ந்து எதையோ பிடித்து இழுக்கும். பிடித்தது பாயின் ஓரமாக இருக்கும், இல்லையென்றால் பக்கத்தில் வைத்த சொம்பாக இருக்கும். தண்ணீர் கொட்டி, தலையணை நனைந்து, எழுந்து உட்கார்ந்தால் உடம்பெல்லாம் வேர்வை. அப்புறம் எங்கே தூக்கம்? நாளாக ஆக, அந்த அதிர்வைவிட ‘இன்றைக்கும் வருமோ’ என்கிற நினைப்பே பெரிய தொல்லையாகிவிட்டது. ஆறு மணிக்குச் சுரங்கத்திலிருந்து பஸ் ஏறும்போதே அந்த நினைப்பும் கூடவே ஏறிக்கொள்ளும். வீட்டு வாசலைப் பார்த்தால் மற்றவனுக்கு நிம்மதி வரும், இவருக்குப் பாய் ஞாபகம் வரும்.

வெளியே சொல்ல முடியுமா? சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். ஒருத்தன் கால் பாட்டில் போடச் சொன்னான். ஒருத்தன் வயதாகிவிட்டது என்றான், சொன்னவனுக்கு இவரைவிட ஆறு வயது அதிகம். சம்சாரம் ருக்குமணி காடாம்புலியூருக்கு இழுத்துக்கொண்டு போய் மந்திரித்துவிட்டாள். பூசாரி வேப்பிலையால் முகத்தில் அடித்து, “சுடுகாட்டுப் பக்கம் போனியா?” என்று கேட்டார்.

“நான் போறது சுரங்கத்துக்கு. அதுவும் முப்பத்தாறு வருசமா” என்றார் சிங்காரவேல்.

“அங்கதான் புடிச்சிருக்குது” என்றார் பூசாரி.

குள்ளஞ்சாவடியில் ஒரு டாக்டர் இருந்தார். நாக்கை நீட்டச் சொன்னார், சீட்டு எழுதினார். ஏன் தூக்கம் வரவில்லை, எப்போதிலிருந்து வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பகல்ல தூங்கினா அப்படித்தான் இருக்கும், ராத்திரியில தூங்குங்க” என்றார். ராத்திரி முழுக்க மண்வெட்டி பிடிக்கிறவனிடம் சொல்கிற பேச்சா அது? அந்த மாத்திரையைப் போட்டால் தூக்கம் பகலில் வராமல் ஷிப்டில் வந்து தொலைத்தது. நான்காம் நாள் ருக்குமணி அதைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள்.

யாருக்கும் தோன்றாத ஒன்று உண்டு. சிங்காரவேலுக்கே தோன்றவில்லை. தூக்கம் கெட்டதற்கு ஒரு வாரம் முன்னால் சுரங்கத்தில் ஒன்று நடந்திருந்தது.

நிலக்கரியைச் சுமந்துகொண்டு பெல்ட் மைல் கணக்கில் ஓடும். ஓடும்போது சிந்தும். சிந்தியது குவிந்தால் அடியில் உருளுகிற ரோலரில் சிக்கி நெருப்பு பிடிக்கும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கொஞ்ச நேரம் பெல்ட்டை நிறுத்துவார்கள். மேஸ்திரியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் அடியில் தவழ்ந்து போய் வாருவார்கள். எல்லாரும் வெளியே வந்த பிறகு, காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஆள் எண்ணி, வாக்கி டாக்கியில் கேபினுக்குச் சொல்ல வேண்டும். கேபினில் இருக்கிறவர் சங்கு ஊதிவிட்டு ஓட்டுவார்.

அன்றைக்கு சூப்பர்வைசர் பிரவீன்குமார் ஆள் எண்ணவில்லை. செல்போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே, “எல்லாம் வெளிய வந்தாச்சு” என்றான். சிங்காரவேல் இன்னும் உள்ளே. சங்கு ஊதினார்கள்தான். பக்கத்து பெல்ட் ஓடுகிற இரைச்சலில் அது காதில் விழவில்லை. முதுகுக்கு அடியில் தரை அதிர்ந்தது, காதோரத்தில் ரோலர் சுழன்றது. தோளில் கிடந்த துண்டை அது கவ்வி இழுத்துக்கொண்டது. பெல்ட்டை நிறுத்துகிற கயிறு பக்கவாட்டில் நீளமாக ஓடும், அதை எட்டப் பார்த்தார், கை போதவில்லை. மல்லாக்கப் படுத்தபடியே அங்குலம் அங்குலமாக நகர்ந்து வெளியே வந்தார்.

“ஒண்ணும் ஆவலல்ல பெருசு? அப்புறம் இன்னா, வுடு” என்றான் பிரவீன்குமார். எந்த நோட்டிலும் அது ஏறவில்லை.

சிங்காரவேல் என்ன செய்தார்? காலையில் டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “பெல்ட்டு என் துண்டத்தான் தின்னுச்சு, என்னைத் தின்ன அதுக்குப் பல்லு பத்தல” என்று பெருமையடித்தார். கடையே சிரித்தது. அப்படி ஒரு தடவை சிரிக்க வைத்துவிட்டு, பிறகு ‘பயமாக இருக்கிறது’ என்று எந்த வாயால் சொல்வது? வாய் சொல்லாததை உடம்பு தினமும் காலை எட்டு மணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

சித்திரை பிறந்தது. ஒன்றரை மாதம் சரியான தூக்கம் இல்லாத ஆள் எப்படி இருப்பார்? நின்றபடியே கண் அசந்தார். பிரவீன்குமார் அதைப் பார்த்துவிட்டு, “பெருசு, அடுத்த மாசம் புது லிஸ்ட்டு போடறாங்க. தூங்குமூஞ்சிங்களுக்கு அதுல எடம் கெடையாது” என்றான். இவர் சுரங்கத்தில் இறங்கிய காலத்தில் அவனுடைய அப்பன் கால்சட்டை போட்டுக்கொண்டிருந்திருப்பான். கேட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

அதைவிட மோசமானது ஒன்று அந்த வாரமே நடந்தது. விடியற்காலை வாரி முடித்து எல்லாரும் வெளியே வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. பிரவீன்குமாரைக் காணவில்லை, வாக்கி டாக்கி சிங்காரவேல் கையில். “பன்னெண்டு பேரும் வெளிய” என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கேபினில் இருந்தவர் வெள்ளைச்சாமி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருக்கிற பெர்மனென்ட் ஆள். அவர் சங்கு பித்தானில் விரலை வைத்தவர், குரலில் ஏதோ தட்டுப்பட்டு எடுத்துவிட்டார்.

“அண்ணாச்சி, எண்ணித்தான் சொல்லுதீங்களா?”

சிங்காரவேல் திரும்பி எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்று. வேலுமணி இல்லை. குனிந்து பார்த்தால் பெல்ட்டுக்கு அடியில், கடைசி ரோலர் பக்கத்தில், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வாரிக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்ததும் வெள்ளைச்சாமி தேடி வந்தார். “ஏன் அண்ணாச்சி, உங்க ஆளுக யாருமே பூட்டு மாட்ட மாட்டேங்குறீங்க? ஆளுக்கு ஒரு பூட்டு. அடியில போறவன் சுவிட்ச் பெட்டியில தன் பூட்ட மாட்டி, சாவிய மடியில வச்சிக்கிடணும். அவன் வந்து தொறக்காம பெல்ட்டு ஓடவே ஓடாது. ரூல் அதானே?”

“எங்களுக்கு ஏது தம்பி பூட்டு?”

“உங்க காண்ட்ராக்டர் வாங்கினதா கையெழுத்தே இருக்கு. நீங்கதான் தொந்தரவா இருக்கு, வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு பிரவீன் சொன்னானே. படிக்காத ஆளுக, சாவிய தொலைச்சிருவாகன்னு.”

சிங்காரவேலுக்குக் காது அடைத்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே ருத்ர தாண்டவம்தான். ஆனால் அன்றைக்கு அவர் எண்ணாமல் சொன்னவர். எந்தத் தப்பு தன் துண்டைத் தின்றதோ, அதே தப்பைத் தன் வாயாலேயே செய்துவிட்டு நிற்கிறார். தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து ருக்குமணியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். துண்டு போன கதையை, சிரிப்பில்லாமல், முதல் தடவையாகச் சொன்னார். அவள் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டைப் பால் பட்டுக் கருத்த விரல்கள் அப்படியே நின்றன.

“இந்தாய்யா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கமாட்டியே? கரண்ட் போனா நீ தூங்குற.”

“இன்னா உளர்ற?”

“ஒரு வாரமா பாத்துக்கினுதான் இருக்கன். கரண்ட் போன ஒடனே கொறட்ட வுட்ற. வேத்து ஊத்துது, ஈ மொய்க்குது, அப்பவும் தூங்குற. கரண்ட் வந்து ஃபேன் ஒரு சுத்து சுத்தினா துள்ளி எழுந்து ஒக்காந்துக்குற.”

அந்த வருஷத்துக் கரண்ட் கட்டை யாரும் மறந்திருக்க முடியாது. நெய்வேலிச் சிம்னிப் புகை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும், இங்கே விசிறிமட்டைதான். அதைப் பற்றி முத்தாண்டிக்குப்பத்துக்காரன் பேச ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். அந்த அநியாயம் இவர்களுக்கு ஒரு நன்மை செய்தது என்றால் இதுதான்.

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல” என்றாள் ருக்குமணி. “சொல்லாம கொள்ளாம எதுனா ஓட ஆரம்பிச்சிடுமோன்னு ஒன் ஒடம்பு முழிச்சிக்கினே காவ காக்குது. அங்க ஒனக்குக் காவலுக்கு யாரும் இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சி போச்சி. கரண்ட் இல்லன்னா எதுவும் ஓடாதுல்ல? அப்பதான் அது கண்ண மூடுது.”

நாக்கை நீட்டச் சொன்ன டாக்டர் ஒரு ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்காததை, முந்திரி உடைக்கிறவள் ஒரு வாரம் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்! படிப்பு இருந்தால்தான் மூளை என்று சொல்கிறவர்கள் வந்து ருக்குமணியைப் பார்க்கட்டும்.

மறுநாள் காலை அவர் படுக்கப் போனபோது அவள் கதவுப் பூட்டை எடுத்து வந்தாள். கூடத்தில் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், பழைய காலத்தது, கைப்பிடியில் ஓட்டை உண்டு. கைப்பிடியைக் கீழே இறக்கி, ஓட்டையில் பூட்டை மாட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

“நீயா எழுந்து தொறந்தாதான் இந்த வூட்டுல எதுவும் ஓடும். நானே கேட்டாலும் குடுக்காத.” பிறகு, “நேத்து ராத்திரி எத்தன பேரு உள்ள போனீங்க?” என்று கேட்டாள்.

“பன்னெண்டு.”

“எத்தன பேரு வந்தீங்க?”

அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி விரல் மடக்கினார். “பன்னெண்டு.”

“அப்ப படு.”

சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு படுத்தார். கண் சொருகும்போது அந்த அதிர்வு வந்தது. வரத்தான் செய்தது. கை பாய்ந்தது. ஆனால் இந்தத் தடவை இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது. மூச்சை இழுத்து மெல்ல விட்டார், மறுபடி விட்டார். பகல் ஒரு மணிக்கு விழித்தபோது ருக்குமணி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். மிக்சி ஓடாததால் அம்மியில் அரைத்துக் கை ஓய்ந்துபோயிருந்தது. “கும்பகர்ணா, சாவிய குடு, ஃபேன் போடணும்” என்றாள்.

ஒரு வாரம் இப்படிப் போனது. அந்த ஒரு வாரத் தூக்கத்தில் அவருக்கு உடம்பு திரும்பியது. உடம்போடு கோபமும் திரும்பியது. அது சாதாரணக் கோபம் இல்லை. ஒரு ஃபேனுக்கும் ஒரு மிக்சிக்கும் பூட்டு மாட்டிச் சாவியை இடுப்பில் வைத்தால் தூக்கம் வருகிறது. மனுஷனை அரைக்கிற ரோலருக்குப் பூட்டு இல்லை! வேப்பிலை அடித்தவர், மாத்திரை எழுதியவர், கால் பாட்டில் சொன்னவன் எல்லாரும் பயந்தவனைச் சரிபண்ணப் பார்த்தார்கள். பயத்தை உண்டாக்கினவனை ஒருத்தனும் ஏன் என்று கேட்கவில்லை. பொம்பளை அம்மியில் அரைக்க, புழுக்கத்தில் வேக, அந்த காண்ட்ராக்டர் எங்கேயோ ஏசி போட்டுத் தூங்குகிறானே!

அடுத்த நாள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வீட்டுப் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விடியற்காலை ஐந்து மணி. பெல்ட் நின்றது. மற்றவர்கள் குனியப் போனபோது, “நில்லுங்கடா” என்றார். சுவிட்ச் பெட்டிக்குப் போய், கதவுப் பூட்டை மாட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பிறகு அடியில் நுழையவில்லை, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினொரு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பிரவீன்குமார் ஓடி வந்தான். “இன்னா பெருசு, தூக்கக் கலக்கமா? இது இன்னா, ஒன் வூட்டுக் கதவா? கழட்டு.”

“எங்க பூட்டுங்க எங்க தம்பி?”

“பூட்டு போட நீ இன்னா பெர்மனென்ட்டா?”

“ரோலருக்குத் தெரியுமா தம்பி, எந்தக் கை பெர்மனென்ட்டு, எந்தக் கை காண்ட்ராக்ட்டுன்னு?”

வேலுமணி கை தட்டினான். பிரவீன்குமார் முகம் சிவந்து, “நாளைலேர்ந்து வேலைக்கு வராத. எழுந்து போ” என்று கத்தினான்.

“போறன். ஆனா சாவி என்கூட வரும்.”

பெல்ட் ஓட வேண்டிய நேரம் தாண்டிப் பத்து நிமிஷம், இருபது நிமிஷம். கேபினில் போன் மேல் போன் அடித்தது. வெள்ளைச்சாமி இறங்கி வந்தார். “பிரவீனு, அவரு கேக்குறது ரூல்ல இருக்குடே. வாங்கின பூட்ட எடுத்துக் குடு, முடிஞ்சி போச்சு.” அதற்குள் பெரிய என்ஜினியர் ஜீப் வந்துவிட்டது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இவங்க பூட்டு எங்கே?”

காண்ட்ராக்டர் கொட்டகையில் ஒரு பீரோ. அதற்குள், பிரிக்காத அட்டைப் பெட்டியில், பதினொரு பூட்டு. பன்னிரண்டாவது பூட்டு எங்கே என்று பார்த்தால், அதைத்தான் பிரவீன்குமார் அந்தப் பீரோவுக்குப் போட்டுப் பூட்டியிருந்தான்! மனுஷன் உயிருக்குப் போட வேண்டிய பூட்டு, பூட்டுகளுக்குக் காவல். சிங்காரவேல் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. காறித் துப்பினார்.

ஆளுக்கொரு பூட்டு கைக்கு வந்த பிறகுதான் தன் கதவுப் பூட்டைக் கழற்றினார். ஆனாலும் வேலைக்கு வராதே என்றது என்னவோ நிஜமாகத்தான் ஆனது. மூன்று நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள். ‘மேஸ்திரி வராம அடியில போவமாட்டம்’ என்று பதினொரு பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். நான்காம் நாள் காண்ட்ராக்டரே வண்டி அனுப்பினான். சிங்காரவேல் அந்த வண்டியில் ஏறவில்லை. எப்போதும் போல பஸ்ஸில் போனார்.

மறுநாள் காலை எட்டு மணி. ருக்குமணி கூடத்தில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றாள். வீட்டுப் பூட்டு மறுபடி கதவுக்குப் போய்விட்டிருந்தது.

“எத்தன பேரு உள்ள போனீங்க?”

“பன்னெண்டு. பன்னெண்டு பூட்டு.”

“எத்தன பேரு வந்தீங்க?”

“பன்னெண்டு. நானே எண்ணினன், ரெண்டு தடவ.”

“ஃபேன் போடட்டுமா?”

அவர் பாயை உதறி விரித்தார். “போடு” என்றார்.

ஃபேன் கடகடவென்று சுற்ற ஆரம்பித்ததும் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது. கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒரு சாவி, புதுசு, சுரங்கத்துப் பூட்டினுடையது.

“அந்தப் பய என்னைத் தூங்குமூஞ்சின்னு சொன்னான் பாரு” என்று முனகிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ருக்குமணி பதில் சொல்வதற்குள் குறட்டை கேட்டது.